மத்தியானம் சூரத்துக்குப் போய்வந்த நாய்

1975-ஆம் வருஷம் சித்திரை மாதம், மதுரை மஹாலுக்குப் பின்புறத் தெருவில் ராதாமணி வளர்த்த சுங்குடி என்ற கிழட்டு நாய் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்தபோது, அதன் நான்கு பாதங்களும் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தன. அந்த வீட்டில் சாயத் தொட்டி காய்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தெருவிலும் அன்றைக்கு யாரும் கத்தரிப்பூச் சாயம் போடவில்லை. ராதாமணி வீடு வீடாகப் போய் விசாரித்துவிட்டாள். நாயோ வாசல்படியைக்கூடத் தாண்ட முடியாதது. பின்னங்கால்கள் இரண்டிலும் சுரணை போய்விட்டது, கண்களில் பால் படர்ந்திருந்தது, சோற்றைக் கரைத்து வாயோரம் ஊற்றினால்தான் சாப்பிடும். ராதாமணி சீயக்காய் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். நிறம் போகவில்லை. பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது கத்தரிப்பூவுக்கு அடியில் கொஞ்சம் சிவப்பு தட்டியது. வேண்டியதைவிட ஒரு சிட்டிகை சிவப்பைக் கூடுதலாகப் போடுகிற கை இந்த உலகத்தில் ஒன்றுதான் உண்டு, அது அவள் புருஷனுடையது. அதற்காகவே அவரோடு இருபத்தைந்து வருஷம் சண்டை போட்டிருக்கிறாள். அவர் அப்போது சூரத்தில் இருந்தார். அப்படியானால் சரி என்று நினைத்துக்கொண்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

புருஷன் பெயர் ஜனகராஜ். சாயம் போடுவதில் கைதேர்ந்தவர், மற்ற காரியங்களில் அப்படிச் சொல்வதற்கில்லை. அப்பா விட்டுப்போன பட்டறை அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரிந்தபோது அவர் பங்குக்கு இரண்டு அண்டாவும் ஒரு கோர்ட்டு வழக்கும் வந்தன. சூரத்தில் நைலான் சேலைக்குச் சாயம் போட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு 1974-இல் கிளம்பினார். மதுரையில் இருக்கும் சௌராஷ்டிரக்காரர்கள் பல தலைமுறைகளுக்கு முன்னால் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஆகவே வேலை தேடிப் போகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை; சொந்த ஊருக்குத் திரும்பிப் போகிறேன் என்றே தெரு முழுக்கச் சொல்லி, மாலையும் போட்டுக்கொண்டு ரயில் ஏறினார். வீட்டுக்குள் நாம் பேசுகிற பாஷையை அங்கே வீதியிலேயே பேசுவார்கள் என்பது அவருடைய எண்ணம். சூரத் ஸ்டேஷனில் இறங்கி அந்தப் பாஷையில் ஒரு டீ கேட்டார். டீக்கடைக்காரர் மிகுந்த மரியாதையோடு, ஐயா தெலுங்கு தேசத்தவரா என்று கேட்டார். ஜனகராஜ் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு வேறு வழியில்லாமல் கையாலும் கண்ணாலும் பேசி வேலையைக் காட்டினார். முதலாளி சேட்டுக்கு அவர் போடும் கத்தரிப்பூ பிடித்துப்போனது. வருஷம் திரும்புவதற்குள் சாயக்கொட்டகை முழுவதும் அவர் பொறுப்புக்கு வந்துவிட்டது.

ராதாமணி கூடப் போகாததற்குக் காரணம் நாய்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பழுப்பு உடம்பு முழுக்க முடிச்சவிழ்த்த சுங்குடிச் சேலைபோல வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு குட்டி 1960-இல் வந்து சேர்ந்தது. அதற்குச் சுங்குடி என்று பெயர் வைத்தார்கள். இடது முன்னங்காலில் ஒரு விரலை ரிக்‌ஷாச் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டது. மற்றபடி ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்து, குறையோடு கிழடானது. மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் அதன் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இதை ரயிலில் ஏற்றினால் திண்டுக்கல் வரைகூடத் தாங்காது என்று சொல்லிவிட்டார். ஜனகராஜ் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, சரி, அதன் காலம் முடிந்ததும் நீ புறப்பட்டு வா என்றார். நல்ல யோசனையாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு காலையில் கண் விழித்ததும் நாயின் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ராதாமணிக்கு இரண்டு நினைப்பு வந்தது. மூச்சு வருகிறது என்று சந்தோஷம். அவர் அங்கே இன்னும் ஒரு நாள் தனியாகப் பொங்கித் தின்ன வேண்டும் என்று வருத்தம். தான் ஒரு சாவுக்காகக் காத்திருக்கிறோம் என்பதை நினைத்தால் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அந்த நாய்க்கு அப்போது பதினைந்து வயது. அது மேலும் ஒன்பது வருஷம் இருந்தது.

கத்தரிப்பூவுக்குப் பிறகு மாம்பழ மஞ்சள் வந்தது, அதன் பின் மயில்கழுத்து, பின்னர் பத்து நாளைக்கு ஒரே ராமர் பச்சை. உச்சிக்குப் பிறகு நாய் படுத்த இடத்திலேயே தூங்கிப்போகும், நாலு மணிக்கு விழிக்கும், பாதம் எந்த நிறமோ அது அன்றைக்கு ஜனகராஜ் கை வைத்த நிறம். ராதாமணி முதலில் இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தெருவில் பக்கத்து வீட்டுத் தாளிப்பைக்கூட மறைக்க முடியாது. சேலை வியாபாரிகள் நாலு மணிக்கு வந்து பாதத்தைப் பார்த்துவிட்டு, சூரத்தில் இந்த மாதம் பச்சைதான் ஓடுகிறது என்று முடிவு கட்டி ஆர்டர் கொடுத்தார்கள். இரண்டொருவர் அதில் நன்றாகச் சம்பாதித்து நாய்க்குப் பொறை வாங்கி வந்தார்கள். அதற்குத்தான் பல் இல்லை. நாய் சூரத்துக்கு எப்படிப் போகிறது என்ற சந்தேகத்தை மொக்கையன் தீர்த்துவைத்தான். தெருக்கோடியில் எருமை வைத்துப் பால் ஊற்றிய உசிலம்பட்டி ஒச்சாயியின் தம்பி அவன், லாரி ஓட்டினான். ஒரு நாள் திருச்சியில் லோடு இறக்கிவிட்டு வந்தவன் அக்காவைப் பார்த்த கையோடு ராதாமணி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, ஒங்க நாயி கொட்டாம்பட்டி தாண்டி ரோட்டோரமா ஓடிக்கிட்டு இருந்துச்சு" என்றான். "ஆரன் அடிச்சேன். திரும்பிக்கூடப் பாக்கல. அம்புட்டு அவசரம்."

கால் இழுத்ததா என்று ராதாமணி கேட்டாள். எங்கே இழுக்கிறது, வயசு நாய் மாதிரிப் பாய்ந்து போகிறது என்றான். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு மத்தியானத்துக்குள் சூரத் போய்த் திரும்ப முடியுமா என்று இப்போது கேட்பவர்கள் உண்டு. சென்னையில் இறங்கி வண்டி மாறக் காத்திருக்க வேண்டியதில்லை, டிக்கெட் பரிசோதகர் இல்லை. முடியும் என்றுதான் தெருவில் அப்போது பேசிக்கொண்டார்கள்.

1977-இல் ஒரு முயற்சி நடந்தது. லீவில் வந்த ஜனகராஜ், இவ்வளவு தூரம் ஓடுகிற நாய்க்கு ரயில் என்ன பாரம் என்று சொல்லி, வைக்கோல் பரப்பிய கூடையில் அதைப் படுக்கவைத்து, ஜட்கா வண்டியில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார். நாய்களை ரயில் கார்டின் பெட்டியில் இருக்கும் இருட்டுக் கூண்டில்தான் ஏற்றுவார்கள். கூண்டுக் கதவைத் திறந்தவுடன் சுங்குடியின் மூச்சு நின்றுவிட்டது. ராதாமணி அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்தாள். வண்டி கிளம்பிப் போனது, ஜனகராஜும் போனார், வேலை இருந்தது. வண்டி வைகைப் பாலத்தைத் தாண்டுகிற சத்தம் கேட்டதும் நாய் மூச்சுவிட ஆரம்பித்தது. தூக்கத்தில் நாடு கடக்கிற நாய், விழித்திருக்கும்போது ஒரு பர்லாங்குகூடத் தாங்காது என்பது அன்றைக்குத் தெளிவானது. ராதாமணி கூடையோடு நடந்தே வீடு திரும்பினாள்.

அதற்கடுத்த வருஷம் அம்மன் கோயில் பக்கத்துக் கடைகளில் ஒரு புது மாதிரி நைலான் சேலை வந்து இறங்கியது. வெள்ளைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாக நாய்க்கால் தடம். சூரத்தில் காயப்போட்ட துணிமேல் ஏதோ ஒரு நாய் நடந்துவிட்டதாம், சேட் முதலில் கத்தினாராம், பிறகு அதுவே நன்றாக இருக்கிறதென்று அச்சு வெட்டச் சொன்னாராம். கல்லூரிப் பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். ராதாமணி கடைக்குப் போய் ஒரு சேலையைப் பிரித்துத் தடவிப் பார்த்தாள். இடது முன்னங்காலில் ஒரு விரல் இல்லை. கடைப்பையன்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அந்தச் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவர் பக்கத்தில் இது போய்ப் படுக்கிறது, அவருக்குத் துணை இருக்கிறது என்று எண்ணினாள். தன்னால் முடியாததை நாய் செய்கிறதே என்ற பொறாமையும் அந்த அழுகையில் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

1980 ஐப்பசியில் பாதங்கள் நிறமில்லாமல் வந்தன. அடைமழையால் வேலை இருக்காது என்று முதல் நாள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த நாளும் வெறும் பாதம். மூன்றாம் நாள் முகர்ந்து பார்த்தாள், பினாயில் வாசனை. ஜனகராஜ் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. ஒச்சாயியிடம் நாயை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப ஒரு தடவை பெட்டியைக் கூடக் கட்டினாள். ஆனால் தான் இல்லாத வீட்டில் அது கண்ணை மூடிவிட்டால், அப்புறம் அங்கே போய் அவர் கட்டில் அருகே படுக்க யார் இருக்கிறார்கள் என்ற பயம் வந்தது. பெட்டியை அவிழ்த்துவிட்டாள். தினமும் நாலு மணிக்கு நாயின் பாதங்களை மடியில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தாள். கார்த்திகை பிறந்து ஒரு நாள் லேசான வெங்காயத்தோல் நிறம் தெரிந்தது. கை நடுங்கும்போது போட்ட நிறம் என்று அவளுக்குப் புரிந்தது. மஞ்சள்காமாலை வந்து தேறிவிட்டதாகத் தபால் கார்டு அதற்குப் பிறகுதான் வந்தது.

மறு வருஷம் ஜனகராஜின் அண்ணன் மகள் பத்மாசினிக்கு நிச்சயதார்த்தம். அதற்கு வந்திறங்கிய புருஷனை ராதாமணிக்கு அடையாளம் தெரியவில்லை. ஆள் பாதியாகியிருந்தார். சட்டை ஆணியில் தொங்குவதுபோல் தொங்கியது. அவர் வந்த அன்று மத்தியானம் சுங்குடி தூங்கவில்லை. பால் படர்ந்த கண்களைத் திறந்துவைத்துக்கொண்டு, இருவருக்கும் நடுவில் தலையை நீட்டிப் படுத்திருந்தது. மறுநாளும் தூங்கவில்லை. வீட்டில் ஆள் குறைந்தால்தான் அது தேடிப் போகிறது என்று இருவரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார்கள். மதுரைக்கே திரும்பி வந்துவிடுங்கள் என்று ராதாமணி கேட்டாள். இந்த வயதில் யார் எனக்குத் தொட்டி கொடுப்பார்கள், அண்ணன் பட்டறையில் கூலிக்கு நிற்கச் சொல்கிறாயா என்றார். பிறகு நாயின் தலையைத் தடவிக்கொண்டே, வீட்டுப் பாஷையில் ஒன்று சொன்னார். தமிழில் சொன்னால் அது இப்படி வரும்:

"இன்னும் ஒரு வருசம் நான் ஒத்தையாப் பொங்கித் தின்னா, இதுக்கு முந்தி நான் போயிருவேன், ராதா."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை என்னமோ செய்தது.

அந்தச் சமூகத்தில் நிச்சயதார்த்தத்தன்று ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்து, நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள், எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டு, சௌராஷ்டிரத்தில் புறப்பட்டோம், தேவகிரியில் தங்கினோம், விஜயநகரத்தில் நெய்தோம், மதுரை வந்து சேர்ந்தோம் என்று பதில் சொல்வார்கள். எல்லோருக்கும் தெரிந்த கேள்வி, எல்லோருக்கும் தெரிந்த பதில். நாகசுப்பிரமணியன் என்ற பெரியவர் எத்தனையோ கல்யாணங்களில் இதைச் சொல்லிச் சொல்லிப் பாதித் தூக்கத்திலேயே சொல்லக்கூடியவராகியிருந்தார். அன்றைக்கு அவர் விஜயநகரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தபோது பெண்கள் வரிசையிலிருந்து ராதாமணி எழுந்து நின்று, கூட வந்த நாய்களெல்லாம் என்ன ஆயின என்று கேட்டாள். அப்படி ஒரு கேள்வி அந்தச் சடங்கில் கிடையாது. பெண்கள் கேட்பதும் கிடையாது. ஜனகராஜ் தலையைக் குனிந்துகொண்டார். நாகசுப்பிரமணியனுக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது, உள்ளே அப்பளம் பொரிகிற வாசனை வேறு. கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்பது சடங்கு. அவர் சடங்குக்கு உரிய அதே ராகத்தில் பதில் சொன்னார்.

"முன்னாடி நடந்தவங்க திரும்பிப் பாக்கல. அதுக பின்னாடி வந்துக்கிட்டு இருக்கு."

சொல்லிவிட்டு மதுரைக்கு வந்து சேர்ந்து, இலை போடச் சொன்னார். தான் ஏதோ பெரிதாகச் சொல்லிவிட்டதாக அவர் நினைக்கவில்லை. ரசம் ஊற்றும்போது மறந்தும் போனார். ஆனால் ராதாமணி அன்று இலையில் கை வைக்கவில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும், அல்லது அது போகும்வரை காத்திருக்க வேண்டும் என்று இந்த இரண்டையுமே ஏழு வருஷமாக நினைத்துக் குழம்பிக்கொண்டிருந்தவளுக்கு, முன்னால் போய்விட்டால் அது பின்னால் வரும் என்பது தோன்றவே இல்லை. தோன்றிய பிறகு பயமும் கூடவே வந்தது. ஒருவேளை வராவிட்டால், கண் தெரியாத, கால் வராத ஒரு ஜீவனை வீட்டில் போட்டுவிட்டு ஓடிப்போனவள் ஆகிவிடுவாள். அந்தப் பழியை எந்த ஆற்றில் முழுகியும் கழுவ முடியாது. புருஷன் முகத்தைப் பார்த்தாள். கண்ணின் வெள்ளையில் இன்னும் மஞ்சள் போகவில்லை.

கிளம்புகிற அன்று காலை சோற்றைப் பாலில் கரைத்துச் சுங்குடிக்கு ஊட்டிவிட்டு, அதன் காதோடு எல்லாவற்றையும் சொன்னாள். போகிறோம், வண்டியில் உன்னால் வரமுடியாது, வழி உனக்குத் தெரியும், எங்களைவிட நன்றாகத் தெரியும். நாய் அவள் கையை நக்கியது. ஒச்சாயி நாயைப் படுக்கைச் சாக்கோடு தூக்கித் தன் எருமைக் கொட்டத்துக்குக் கொண்டுபோனாள். "போங்கக்கா. உசுரு இருக்கிற மட்டும் நான் கஞ்சி ஊத்துறேன்" என்றாள். "அதுக்கு மேல அது பாடு." ஜட்கா தெரு திரும்பும்வரை ராதாமணி திரும்பிப் பார்க்கவில்லை. ரயிலில் மூன்று நாளும் தண்ணீர் மட்டும் குடித்தாள். ஜனகராஜ் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துப் பார்த்தார். வெளியே செம்மண் போய்க் கரிசல் வந்தது. ரோட்டோரம் எங்கேனும் ஒரு நாய் ஓடினால் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். எல்லாம் வேறு நாய்கள்.

சூரத்தில் முதல் மத்தியானம் நாய் வரவில்லை. இரண்டாவது மத்தியானமும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. ராதாமணி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தன்னைவிடக் கேவலமான பிறவி உலகத்தில் இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது, அதைப் புருஷனிடமும் சொன்னாள். மதுரையில் அந்த வாரம் சுங்குடி தூங்கவே இல்லை, எருமைக்கு நடுவில் கிடந்து தெருப் பக்கம் காதைத் தூக்கிவைத்துக்கொண்டே இருந்தது என்று பிற்பாடு ஒச்சாயி சொன்னாள். ஆள் குறைந்த வீட்டிலிருந்து அது தேடிப் போகும். ஆளே இல்லாத வீட்டில் என்ன செய்வதென்று அதற்கும் பிடிபடவில்லை போலிருக்கிறது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ராதாமணி அரிசி களைந்துகொண்டிருந்தபோது, வாசல் வழியாகச் சுங்குடி நடந்து வந்தது. நாலு காலும் ஊன்றி வந்தது. கண் கண்ணாடிபோல இருந்தது. கொட்டாம்பட்டிச் செம்மண் முழங்கால்வரை அப்பியிருந்தது. களைந்த தண்ணீரைச் சட்டியோடு குடித்து முடித்துவிட்டு, அவள் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. அவள் கெஞ்சினாள், கொஞ்சினாள், காலைத் தொட்டாள். அன்றைக்கு முழுவதும் அது திரும்பிப் பார்க்கவில்லை. நாலு மணிக்கு எழுந்து போய்விட்டது. கோபம் தணிய ஒரு மாதம் ஆனது.

பிறகு மூன்று வருஷம் அப்படியே நடந்தது. காலையும் ராத்திரியும் மதுரையில் ஒச்சாயி கஞ்சி, மத்தியானம் சூரத்தில் ராதாமணியின் சோறு. ஜனகராஜ் உடம்பு தேறி, சட்டை மறுபடி சட்டையானது. சேலை வியாபாரிகள் இப்போது எருமைக் கொட்டத்துக்கு வந்து பாதத்தைப் பார்த்தார்கள். ஒச்சாயி அவர்களைச் சாணி அள்ளவைத்துவிட்டுத்தான் காட்டினாள். நாயின் தூக்கம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் நீண்டது. நாலு மணி ஐந்தானது, ஐந்து விளக்கு வைக்கிற நேரமானது.

1984 மாசியில் ஒரு நாள் ஒச்சாயி எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து பார்த்தபோது சுங்குடி விழிக்கவில்லை. மூக்கில் கை வைத்துப் பார்த்தாள். மொக்கையன் கொட்டத்துக்குப் பின்னால் குழி வெட்டினான். மஞ்சள் தண்ணீர் தெளித்து, தன் பழைய சேலை ஒன்றில் சுற்றிப் புதைத்துவிட்டு, தந்தி கொடுக்கத் தம்பியைத் தபாலாபீசுக்கு அனுப்பினாள் ஒச்சாயி. தந்தி போய்ச் சேர மறுநாள் ஆனது.

ஒச்சாயி தந்தி கொடுத்த அன்றே சாயங்காலம், சூரத்தில் சுங்குடி வழக்கம்போல் எழுந்து வாசல்வரை போனது. படியில் கொஞ்ச நேரம் நின்று தெருவைப் பார்த்தது. பிறகு திரும்பி உள்ளே வந்து, ஜனகராஜின் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது. ராதாமணி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு வைத்தார்கள், அது போகவில்லை. அவளுக்குப் புரிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுது முடித்தாள். பிறகு எழுந்து முகம் கழுவி, அடுப்பைப் பற்றவைத்து, ராத்திரிச் சோற்றுக்கு இன்னொரு கைப்பிடி அரிசி சேர்த்து உலையில் போட்டாள்.